தொலைபேசியில் குத்தகையும் வாரமும்

தேர்வாய் கண்டிகையில் அலைபேசி இல்லாத அங்கத்தினரைக் காண்பது இன்று அரிது. ஆயினும் அச்சேவை எவ்வெல்லை வரை, என்ன விலைக்கு வரும் என்பதைக் கோபுரத்தைவிட லைசென்சே பெரிதும் தீர்மானிக்கிறது.

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இவ்வுரிமையைச் சர்க்காரிடமே வைத்தது. பிறர் நடத்த லைசென்சு வேண்டும். சென்னைத் தொலைபேசிக் கம்பெனியையும் 1943-இல் சர்க்காரே வாங்கிற்று.

1994-இல் சென்னை முதலிய நான்கு மாநகரங்களில், நகருக்கு இரு கம்பெனிகள் வீதம் அலைபேசி லைசென்சு பெற்றன. சென்னை லைசென்சின் எல்லை, சென்னைத் தொலைபேசி வட்டாரத்துடன் மறைமலை நகர், மாமல்லபுரம், மீஞ்சூர். நாம் ரயிலில் அன்றாடம் கடக்கும் மீஞ்சூர்தான்! கும்மிடிப்பூண்டியின் பெயர் அதில் இல்லை. 2005-இல்தான் சென்னையும் தமிழ்நாட்டு வட்டமும் ஒன்றாக்கப்பட்டன.

விலைக்கு வருவோம். முதலில் லைசென்சுக் கட்டணம் குத்தகை போன்றது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த தொகையைக் கட்ட வேண்டும். சந்தாதாரரோ சிலர். ஆகவே சுமை அவர்கள்மீது ஏறியது. வந்த அழைப்பிற்கும் காசு வாங்கினர். 1999-ஆம் ஆண்டுக் கொள்கை குத்தகையை வாரமாக மாற்றியது. வருமானத்தில் ஒரு பங்கே சர்க்காருக்கு. பலரைச் சேர்ப்பதே கம்பெனிக்கு இலாபமாயிற்று, கட்டணம் சரிந்தது. 2003-இல் வரும் அழைப்பு இலவசமாயிற்று.

அவ்வாரத்தில் ஒரு பகுதி கிராமச் சேவைக்கெனத் தனி நிதிக்கு உரியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டது. கோபுரம் எட்டாத மூலை இருப்பின், சங்கத்தின் விண்ணப்பத்தில் இப்பெயரைக் குறிப்பிட்டே எழுதலாம்.