கை விடும் இடம்

கண்ணு,

சிரம்பானில் ஏதோ ஒரு மாடிக் கூடத்தில் நீ கம்ப நடனம் பழகுகிறாய் என்று என் அக்கா, உன் பாட்டி, போனில் சொன்னாள். சொல்லும்போது அக்காவின் குரல் தாழ்ந்துபோனது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல. எனக்குச் சிரிப்புதான் வந்தது. விழுப்புரத்தில் முப்பது வருஷம் மல்லர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தவன் நான். உன்னுடையது கையில் அடங்கும் இரும்புக் குழாய், என்னுடையது விளக்கெண்ணெய் பூசிய தேக்கு. கீழே இருக்கிற தரை ஒன்றுதான்.

பெரிய அசைவுகளுக்குப் போகப் போகிறாயாம். அதனால் எழுதுகிறேன்.

1. ஒரு நிலையில் நின்றுவிட்டால் யாரும் விழுவதில்லை. அங்கிருந்து அடுத்ததற்கு மாறுகிறோமே, அந்த இரண்டு நொடியில்தான் விழுகிறோம். புதுப் பிடி உன் எடையை வாங்கிக்கொண்டதா என்று உடம்பால் கேள். வாங்கிய பிறகு பழைய பிடியை விடு. ஒரு பொங்கல் விழாவில், தலைகீழாகத் தொடைப்பிடியில் இருந்தேன். கூட்டம் கைதட்டியது. அந்தத் தட்டலுக்கு ஆசைப்பட்டு, வலது கால் கம்பத்தைச் சுற்றும் முன்பே இடது காலை எடுத்தேன். கம்பம் 8 அடிக்குக் கொஞ்சம் மேல், பெரிய உயரமில்லை. காறை எலும்பு முறிய அது போதும். அது முறிந்த சத்தம், காய்ந்த மட்டையை மிதித்தாற்போல, எனக்கு மட்டும்தான் கேட்டது. கைதட்டல் அப்போதும் ஓயவில்லை.

2. ஏறக் கற்பதற்கு முன்னால் இறங்கக் கற்றுக்கொள். எந்த அசைவையும் பாதியில் விட்டு வெளியே வர ஒரு வழி தெரியாமல் அதற்குள் போகாதே. கால் தரையைத் தொடுகிற உயரத்தில் முதலில் செய். கெட்டி மெத்தை விரித்து, பக்கத்தில் உன்னைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்திக்கொண்டு செய். செல்போனில் படம் எடுப்பவர் பிடிக்கிறவர் ஆகமாட்டார்.

3. பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால் மரம் வெட்டினாள். விடியும் முன் நெற்றி விளக்கோடு போவாள். சில நாள் நானும் பால் பிடிக்கிற மங்கு தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். பட்டையை இழை இழையாகச் சீவுவாள். உளி ஒரு நூல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடம் முண்டுமுடிச்சாகத்தான் வளரும், அதன்மேல் நேராக வெட்டு விழாது. "கை அவசரப்பட்டா மரம் அழும்டா" என்பாள். 1970-இல், எனக்கு 8 வயது. அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. கல்யாணமாகிவிட்ட அக்காவை அங்கேயே விட்டுவிட்டு, தமிழ்நாட்டுக்கு வர ரஜூலா கப்பலில் ஏறினோம். அந்தத் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்த சொத்து என்று பார்த்தால் அம்மாவின் அந்த ஒரு வார்த்தைதான். உன் தோளும் அந்தப் பட்டை மாதிரி. தோளை இறுக்கிக் கீழே இழுத்து வைக்காமல் தளர்ந்து தொங்கியபடி உடம்பைத் திருப்பினால், உள்ளே ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியாது.

4. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று வாய் சொல்லும்போது வீட்டுக்குக் கிளம்பு. நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு தடவையில்தான்.

5. இரண்டு பக்கமும் பழகு. வராத பக்கத்தை முதலில் செய். அலுப்பாக இருக்கும், தெரியும்.

6. எங்களுக்கு விளக்கெண்ணெய் இல்லாவிட்டால் தோல் கம்பத்தில் உரசிக் கிழியும். உனக்கு நேர்மாறு, உன் தோல்தான் பிடிமானம். வகுப்பு அன்று தேங்காயெண்ணெய், கிரீம் எதுவும் கையிலோ காலிலோ வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு கழற்றி வை. கம்பத்தின் திருகு இறுகியிருக்கிறதா என்று நீயே ஆட்டிப் பார், ஆசிரியர் பார்த்திருந்தாலும்.

7. இதுதான் எனக்கு முக்கியம். வீட்டில் ஒளித்துச் செய்கிற வித்தையில் வலியையும் ஒளிக்க வேண்டிவரும். மணிக்கட்டு வலியை என் ஆசிரியரிடம் நான் மூன்று மாதம் மறைத்தேன். போட்டிக்கு அனுப்பமாட்டாரே என்ற பயம். இன்றைக்கும் ஈர வேட்டியைப் பிழிய எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அக்காவிடம் நான் பேசிவிட்டேன். மல்லர் கம்பத்தில் வெகுகாலம் கம்பம் ஆண்களுக்கு, கயிறு பெண்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு பெண்களும் கம்பத்தில் ஏறினார்கள். 2019-இல் மும்பையில் உலகப் போட்டியே நடந்தது. அந்த ஊரில் காலமெல்லாம் இதைக் கற்பித்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதையெல்லாம் சொன்னேன். "சரி, மெத்தை கெட்டியா இருக்கான்னு மட்டும் கேளு" என்றாள். நீயே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

தை மாதம் வருகிறேன். அப்போது எனக்கு நீ மேலே ஏறிக் காட்ட வேண்டாம். இறங்கிக் காட்டு.

உன் சின்னத் தாத்தா