ஒரு ஜாக்கில் இரண்டு பேர்

திருப்பதியில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படம் பார்க்க, ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மாட்டுவார்கள். அரக்கோணம் தாண்டுவதற்குள் ஒரு காதில் சத்தம் நின்றிருக்கும். சித்தூர்ப் பிள்ளைகளே, ஜாக்கைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரம் அல்ல, பாரம்தான்.

1. 3.5 மி.மீ. ஜாக்குக்குள் மெல்லிய தகடுகள் இயர்போன் பின்னை அழுத்திப் பிடிக்கின்றன. பல போன்களில் அந்த ஜாக்கைப் போர்டோடு பிடித்திருப்பது நாலைந்து ஈயப் பற்றுகள்தான். 2015-இல் ஸ்ரீசிட்டியில், சத்தியவேடு பக்கத்திலேயே உருவான ரெட்மி 2 பிரைம் போனிலும் இதே அளவு ஜாக்தான். இயர்போன் பின் பக்கவாட்டில் ஆட ஆட, அந்த ஈயப் பற்று விரிசல் விடும். பின்னைத் திருகினால் மட்டும் சத்தம் வருகிறதா? விரிசலோ, தளர்ந்த தகடோ காரணமாக இருக்கலாம்.

2. கட்டையாக இருக்கும் ஸ்பிளிட்டர் வேண்டாம். அதில் இரண்டு இயர்போன் செருகினால் ஜாக்கின் மேல் கடப்பாரை போட்டு நெம்பியது போலத்தான். சாண் நீள ஒயர் உள்ளதை வாங்குங்கள். இழுவையை ஒயர் வாங்கிக்கொள்ளும்.

3. ஒயரைத் தொங்கவிடாதீர்கள். போனோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தூங்கிச் சாய்ந்தாலும் பின் அசையாது.

4. இரண்டு இயர்போனுக்கான ஸ்பிளிட்டர்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மைக்குக்கு ஒரு துளை, சத்தத்துக்கு ஒரு துளை என்று பிரிப்பதும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அதில் ஒரு துளையில் சத்தம் வராது. சரியாக உள்ளே போகவில்லை என்று நினைத்துப் பலம் கொண்டு அழுத்துவார்கள். பாவம், ஜாக் போய்விடும்.

5. 32 ஓம் மின்தடை உள்ள இயர்போன் இரண்டு மாட்டினால் போனுக்குத் தெரிவது 16 ஓம். சத்தம் கொஞ்சம் குறையலாம். முழுக்க ஏற்றினால் இரையும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஒரே மாதிரி இயர்போன் இரண்டு போடுங்கள். இல்லையென்றால் ஒருவருக்குக் கத்தும், மற்றவருக்குக் கேட்காது.

6. செருகும் முன் சத்தத்தைக் குறையுங்கள். கழற்றும்போது ஒயரை இழுக்காமல் பின்னின் தலையைப் பிடித்து நேராக எடுங்கள். திருமலையில் போனை ஒப்படைக்கும் கவுண்டருக்குப் போகுமுன் ஸ்பிளிட்டரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே பைக்குள் திணிக்கக் கூடாது.

7. ஒன்றும் மாட்டாமலே ஹெட்போன் குறி திரையில் நிற்கிறதா? சட்டைப்பைப் பஞ்சு உள்ளே அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம், தகடு வளைந்துவிடும்.

8. ஜாக் இல்லாத போனில் டைப்-சி அடாப்டர் மாட்டி, அதன் மேல் ஸ்பிளிட்டர் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போனின் டைப்-சி துளை ஆடிப்போனால் பாட்டோடு சார்ஜும் நின்றுவிடும்.