ஒரு சோறு பதமாகுமோ?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பானையில் வேகும் அரிசி முழுவதையும் எடுத்துப் பார்ப்பவர் இலர். அகப்பையில் வந்த ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தே பானையை இறக்குவர். மக்கள் வாழ்வை ஆராய்வோரும் இவ்வாறு செய்தல் தகுமோ என்பதே ஈண்டு நாம் காணப்புகும் பொருள்.

எத்துணைப் பேர், எவ்வளவு விளைவு, என்ன கூலி என எண்ணிக் கணக்கிடுவது அளவுசார் ஆய்வு. மக்களோடு பழகி, கண்டும் கேட்டும், அவர்தம் வாழ்வின் இயல்பையும் அதன் காரணத்தையும் உணர முயல்வது பண்புசார் ஆய்வு. ஓர் ஊரையோ, ஒரு குடும்பத்தையோ, ஒரு நிகழ்ச்சியையோ தனியே எடுத்து, அதன் பல கூறுகளையும் ஆழ்ந்து நோக்குவது நேர்வு ஆய்வு எனப்படும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் தம் மாணாக்கரிடம் வினாத்தாளைக் கொடுத்து, ஊர்களுக்குச் சென்று நிலம், தொழில், கூலி, கடன் முதலியவற்றை ஆராய்ந்து எழுதுமாறு தூண்டினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அவ்வாய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன.

இம்முறையின் முதற்சிறப்பு ஆழமாகும். ஓர் ஊரில் உழவுத் தொழிலாளர் இத்தனை பேர் என்று மக்கட்கணக்கு கூறும். அவருள் ஒருவர் கடன்பட்டுப் படியாளாகி, அது தீராமையால் ஒரே பண்ணையில் கட்டுண்டு உழைப்பதை அவ்வெண் கூறாது. அந்நிலையை எடுத்துரைத்தது ஊராய்வேயாம். எண் ‘எவ்வளவு’ என்பதை உணர்த்தும். நேர்வு ‘எவ்வாறு’, ‘ஏன்’ என்பவற்றை விளக்கும்.

இரண்டாவது சிறப்பு, மீண்டும் சென்று காண இடந்தருதல். இருவேல்பட்டை 1930களிலும், பின்னர் 1961, 1981, 2008ஆம் ஆண்டுகளிலும் ஆய்வாளர் சென்று கண்டனர். படியாள் முறை மறைந்ததும், உழவே வாழ்வென இருந்த ஊரார் பலர் வேறு தொழில்களை நாடியதும், நிலமுடையாரைச் சார்ந்து நிற்கும் நிலை தளர்ந்ததும் இதனால் புலனாயின. ஓர் ஊரின் ஏறத்தாழ நூற்றாண்டு வரலாறு நம் கண்முன் விரிகின்றது.

இனிக் குறைகளைக் காண்போம். பாலக்குறிச்சி காவிரிப் படுகையைச் சார்ந்தது. தூசி ஏரிப்பாசன ஊர். கங்கைகொண்டான் நெல்லைச் சீமையது. மண்ணும் நீரும் வேறு, வழக்கமும் வேறு. ஓர் ஊரிற் கண்டதை ‘தமிழகம் முழுவதும் இவ்வாறே’ எனக் கூறுதல் பிழையாகும்.

இதனினும் பெரிய குறை, காண்பவன் கண்ணைப் பற்றியது. அக்காலத்துக் கல்லூரியில் பயின்றோர் பெரும்பாலும் வசதியுடைய குடும்பத்தினர். நிலமுடையார் திண்ணையில் அமர்ந்து கேட்பவன் அறியும் ஊர் ஒன்று. கூலியாள் குடிசை வாயிலில் நின்று கேட்பவன் அறியும் ஊர் மற்றொன்று. “கூலி போதுமா?” எனப் பண்ணையார் முன்னிலையில் வினவினால், “போதும், சாமி” என்றே விடை வரும். அவ்விடையை அவ்வாறே எழுதிக்கொண்டவன் பொய் எழுதினான் அல்லன். ஆயினும் அவன் எழுதியது உண்மையும் அன்று. அவன் ஏடு பிற்காலத்தார்க்குச் சான்றாகுமாயின், அவ்வேழைக்கு இழைக்கப்பட்ட அநீதி இரட்டிப்பாகும்.

ஆதலின் நல்லாய்வாளன் ஒருவர் சொல்லோடு அமையான், பலர்பாற் கேட்பான், தனிமையிற் கேட்பான், கேட்டதை ஆவணங்களோடும் எண்களோடும் ஒப்பிடுவான், தன் கருத்துக்கு மாறான சான்றையும் மறையாது எழுதுவான், தன் முடிவு எவ்வெல்லைவரை செல்லும் என்பதையும் கூறுவான்.

மீண்டும் பழமொழிக்கு வருவோம். ஒரு சோறு பதமாவது எதனால்? ஒரே வகை அரிசி ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தமையால் அன்றோ! மக்கள் வாழ்வு அத்தகைய பானை அன்று. ஆயினும், ‘எல்லாம் வெந்தது’ என்று ஒருவர் கூறும்போது, வேகாத பருக்கை ஒன்று கிடைப்பினும் அக்கூற்று வீழும். ஒரு நேர்வால் ‘எல்லாரும்’ என்று நிறுவுதல் இயலாது. ‘எல்லாரும்’ என்னும் கூற்றை மறுத்தல் இயலும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே இம்முறையைக் கையாளத் தக்கவன்.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் உங்கள் ஊரைப் பற்றி எழுதக்கூடும். அன்று உரக்கப் பேசுவோரிடம் மட்டும் கேளாதீர்கள். ஒதுங்கி நின்று வாய்திறவாதிருப்பவரிடமும் சென்று கேளுங்கள். அவர் கூறுவதையும் சேர்த்து எழுதினாலன்றி, உங்கள் ஊரின் கதை முழுமை பெறாது.