கார் நிறுத்துமிடத்து மழைநீர்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையில் பழைய வளாகங்கள் ஒவ்வொன்றாக உருமாறி வருகின்றன. பெரம்பூரில் 1996இல் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ராயப்பேட்டையில் நாளிதழ் அலுவலகம் இருந்த வளாகம் 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ ஆயிற்று. இப்படி இடித்துக் கட்டும்போது தண்ணீர் தேங்காமலிருக்க என்ன வழி என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெளியேறும் தண்ணீர் எத்தகையது என்று கேட்பவர்கள் குறைவு. தரையைத் தோண்டிக் குழாயையும் சரிவையும் புதிதாக அமைக்கும் வாய்ப்பு ஒரு வளாகத்துக்கு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அந்த நேரத்தில் தவறான நம்பிக்கைகளை வைத்து வரைபடம் போட்டால், பிறகு திருத்துவது மிகக் கடினம்.

நம்பிக்கை 1: மழைத்தண்ணீர் சுத்தமானது.

உண்மை: விழும்போது ஓரளவு சுத்தம்தான், ஓடும்போது அழுக்காகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின் எண்ணெய் சொட்டுகிறது. பிரேக் தேய்ந்து செம்புத் தூளும், டயர் தேய்ந்து துத்தநாகமும் படிகின்றன. துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டிலிருந்தும் அந்த உலோகம் கரைகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், மழை பெய்தாலே கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. டயர் ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாவதே காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். ஆலைப் புகைபோக்கியோ கழிவுக் குழாயோ அங்கே குற்றவாளி இல்லை. சாலையில் ஓடும் சாதாரண வண்டிகள்தான்.

நம்பிக்கை 2: வடிகாலில் விட்டால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும்.

உண்மை: சென்னையில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்தான் கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி போன்ற நிலையங்களுக்குப் போகிறது. மாநகராட்சியின் மழைநீர் வடிகால் கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ நேரே போய்ச் சேர்கிறது. நடுவில் வடிகட்ட எவரும் இல்லை. ஆகவே உணவகத்தின் எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய நீரையும், சோப்புப் போட்டுத் தரை துடைத்த நீரையும் வடிகால் மூடியைத் திறந்து ஊற்றுவது ஆற்றிலேயே ஊற்றுவதற்குச் சமம்.

நம்பிக்கை 3: உறிஞ்சு கிணறு இருக்கிறது, எல்லா மழைநீரையும் அதில் இறக்கினால் நல்லது.

உண்மை: இதுதான் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியது. 2003இல் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாடே திரும்பிப் பார்த்த நல்ல சட்டம் அது. ஆனால் மொட்டைமாடித் தண்ணீரும் வண்டி நிறுத்துமிடத்துத் தண்ணீரும் ஒன்றல்ல. எண்ணெயும் உலோகமும் கலந்த நீரை ஆழமான கிணற்றில் இறக்கினால், மேல்மண் வடிகட்டுவதற்கு வாய்ப்பே கிடைக்காமல் அழுக்கு நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். மாடி நீர் கிணற்றுக்கு வரட்டும். தரை நீர் முதலில் செடியும் மணலும் நிறைந்த தாழ்வான பாத்தி வழியே போகட்டும். நன்றாக அமைத்த பாத்தி மண் வண்டலையும் உலோகத்தையும் பெருமளவு பிடித்துக்கொள்ளும்.

பழைய தொழிற்கூட நிலம் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெட்ரோல் பங்க், முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை இருந்த இடத்தில் மண்ணே நஞ்சேறியிருக்கலாம். அங்கே தண்ணீரை உள்ளே இறக்கினால், மண்ணில் தங்கியிருந்த நஞ்சையும் கீழே தள்ளுவோம். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து குரோமியம் மழைநீரோடு கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது நம் கண்முன் உள்ள பாடம். மண்ணைச் சோதிக்காமல் உறிஞ்சு கிணறு தோண்டவே கூடாது. மண் கெட்டிருந்தால், அடியில் நீர்புகாத் தாள் விரித்த பாத்தியில் வடிகட்டி, குழாய் வழியே வெளியேற்றுவதே சரி.

நம்பிக்கை 4: பெருமழைதான் பிரச்சினை, சின்ன மழையால் ஒன்றுமில்லை.

உண்மை: வெள்ளத்துக்குப் பெருமழை காரணம், மாசுக்குச் சின்ன மழைகளும் காரணம். சென்னையில் ஜனவரி முதல் மே வரை பெரும்பாலும் வறட்சி. அத்தனை மாதமும் தரையில் சேர்ந்ததை முதல் சில மழைகள் வழித்துக்கொண்டு போகின்றன. ஓர் ஏக்கர் தளத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் ஓடும். இந்த அளவைப் பிடித்து வடிகட்ட இடம் ஒதுக்கினாலே ஆண்டின் பெரும்பாலான மழைநாள்களைச் சமாளித்துவிடலாம். பெரிய வளாகத்தில் கோடிப் பகுதியின் அழுக்கு தாமதமாகத்தான் வந்து சேரும் என்பதால், முதல் சில நிமிட நீரை மட்டும் ஒதுக்கிவிட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது.

நம்பிக்கை 5: எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டியாயிற்று, இனிக் கவலை இல்லை.

உண்மை: அந்தத் தொட்டி மிதக்கும் எண்ணெயையும் அடியில் தங்கும் வண்டலையும்தான் பிடிக்கும். கரைந்த செம்பும் துத்தநாகமும் அதைத் தாண்டிப் போய்விடும். தூர்வாராமல் விட்டால், அடுத்த பலத்த மழை சேர்ந்திருந்ததை எல்லாம் கலக்கி வெளியே தள்ளும். பாத்தியிலும் இலையும் சேறும் அடைத்துத் தண்ணீர் நின்றால் கொசு பெருகும். இரண்டு நாளுக்குள் வற்றும்படி பராமரிக்க வேண்டும். குப்பைத் தொட்டிக்கும் ஜெனரேட்டரின் டீசல் பீப்பாய்க்கும் மேலே கூரை போடுவதும், பருவமழைக்கு முன் தண்ணீர் விடாமல் தரையைப் பெருக்கி அள்ளுவதும் செலவு குறைந்த வேலைகள். மழை தொடாத அழுக்கை வடிகட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இடிக்கும் நாளிலிருந்தே இந்தப் பொறுப்பு தொடங்குகிறது. மூடாமல் விட்ட மண்குவியலும், கலவை லாரி கழுவிய சிமென்ட் நீரும் கட்டடம் எழும்பும் முன்பே வடிகாலைத் தூர்த்துவிடும்.

உங்கள் வளாகம் மறுகட்டுமானத்துக்கு வருகிறதென்றால், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மண்ணைச் சோதித்தீர்களா? மாடி நீரும் தரை நீரும் தனித்தனியாகப் போகின்றனவா? பத்தாண்டு கழித்துத் தொட்டியைத் தூர்வார யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். ஆற்றைச் சுத்தம் செய்ய அரசு எவ்வளவு செலவழித்தாலும், நம் வாசல் வடிகாலிலிருந்து அழுக்கு இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த வேலை முடியாது.