பிங் பதில் தருகிறது. கேமரா ஏன் தெரியவில்லை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் அப்பா அம்மா இருக்கிறார்கள். வீட்டில் 4ஜி சிம் போட்ட ரவுட்டரில் கேமராவை இணைத்து, 554-ஆம் போர்ட்டையும் திறந்துவிட்டேன். ஈப்போவிலிருந்து அந்த வீட்டு இணைப்பின் முகவரிக்குப் பிங் அடித்தால் பதில் வருகிறது, படம்தான் வரவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?
- ஈப்போ வாசகர்

பதில்: கேமராவைக் கழற்றிவிடாதீர்கள். பிங் பதில் தந்தால் எல்லாம் சரி என்று அனுபவசாலிகள்கூட நினைத்துவிடுவதுண்டு. மைக் மூஸ் 1983-இல் எழுதிய அந்த நிரல், இந்த முகவரியில் ஆள் உண்டா என்று மட்டுமே கேட்கும். போர்ட் பக்கமே போகாது. போர்ட் என்பது ஒரே கருவியில் ஓடும் பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். 0 முதல் 65535 வரை உண்டு. கேமராவின் நேரடிப் படத்துக்கு வழக்கமாக 554.

போர்ட்டைச் சோதிக்க விண்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. பவர்ஷெல்லைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்று தட்டி, முகவரியையும் ‘-போர்ட் 554’ என்பதையும் சேர்த்து எண்டர் அழுத்துங்கள். உங்கள் சிக்கல் அப்படியே திரையில் வந்து நிற்கும்: ‘பிங் சக்ஸீடட்’ என்ற வரிக்கு எதிரே ‘ட்ரூ’, ‘டிசிபி டெஸ்ட் சக்ஸீடட்’ என்ற வரிக்கு எதிரே ‘ஃபால்ஸ்’. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 1995-இல் வந்த நெட்கேட் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், தோல்வியையும் வகை பிரித்துச் சொல்வதால். ‘ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் கருவி இருக்கிறது, அந்த எண்ணில் சேவை ஓடவில்லை என்று பொருள். வெகுநேரம் காத்திருந்து ‘டைம்ட் அவுட்’ என்றால் வழியில் ஏதோ ஒன்று உங்கள் அழைப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது, வீட்டு வைஃபையில் இருந்தபடி கேமராவின் உள் முகவரிக்கு இதே சோதனையைச் செய்யுங்கள். ‘ட்ரூ’ வந்தால் கேமராவில் பழுதில்லை.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐ.பி.’ என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது: சிஜி-நாட். அதாவது, தொலைத்தொடர்பு நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை. அதற்கென்றே அந்த எண்கள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீஸ் முகவரிக்கே வந்து சேர்வதுபோல, வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியில் வந்து நிற்கிறது. எந்த வீட்டுக்கு என்ற குறிப்பு இல்லாததால் அங்கேயே கைவிடப்படுகிறது. உங்கள் பிங்குக்குப் பதில் சொன்னதும் அந்தக் கருவிதான். நீங்கள் ரவுட்டரில் திறந்த போர்ட் வரை அழைப்பு வரவேயில்லை.

வீட்டிலிருந்து வெளியே போகும் தொடர்புக்கு இந்தத் தடை இல்லை. யார் தொடங்கியது என்பதை நிறுவனத்தின் கருவி குறித்து வைத்துக்கொண்டு பதிலைத் திருப்பி அனுப்பும். ஆகவே கேமரா நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியையோ டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என்.-ஐயோ (இரு முனைகளுக்கு இடையிலான மறைகுறியிட்ட தனிவழி) பயன்படுத்துங்கள். பொது முகவரி தரும்படி சிம் நிறுவனத்திடம் கேட்கவும் செய்யலாம். ஆனால் அது கிடைத்தாலும் 554-ஐ ஊருக்கெல்லாம் திறந்து வைக்காதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன; வீட்டுக்குள்ளே இருப்பவர்கள் உங்கள் அப்பா அம்மா.