கலவாய் மீன்: பிடிப்பதற்குரியதும் விடுவதற்குரியதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மீன் உண்ணும் குடும்பங்களுள் கலவாயை அறியாதது ஒன்றேனும் இராது. அதன் தசை வெண்மையும் இறுக்கமும் உடையது, குழம்பிற் கரையாது, முள்ளும் தொந்தரவு தராது. ஒடியற் கூழ் காய்ச்சும் வீட்டுக்குக் கலவாய்த் தலை ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய கூழுக்கு வேறு சிறப்பு வேண்டியதில்லை. பாசையூர், குருநகர், மாதகல், மயிலிட்டி, பருத்தித்துறை முதலிய துறைகளில் நல்ல விலை பெறும் மீன்களுள் இதுவும் ஒன்று. எனினும், இம்மீன் எத்தனை ஆண்டில் முட்டையிடுகிறது, எங்கே வளர்கிறது என்பவற்றை ஆராய்ந்து பிடிப்போர் சிலரே. ஆராய்ந்து வாங்குவோர் அவரினும் சிலர்.

கமக்காரருக்குரிய பிரசுர வரிசையில் மீனுக்கு இடம் ஏன் என்று வினவலாம். விதைநெல்லைக் குற்றிச் சமைக்கும் கமக்காரன் இல்லை. விதை எது, உணவு எது என்பதை அவன் அறிவான். இரண்டையும் வெவ்வேறாகக் கட்டி வைப்பான். கடலிலோ விதையும் உணவும் ஒரே வலையில் வருகின்றன. அவற்றைப் பிரித்தறியும் முறையைக் கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

கலவாய் வாழும் இடம்

நம் தோட்டங்களின் செம்மண்ணுக்கு அடியிற் கிடக்கும் சுண்ணக்கல்லே கரையைக் கடந்து கடலடியிலும் செல்கிறது. கிணறு வெட்டும்போது நாம் காணும் பொந்துகளும் வெடிப்புகளும் அங்கும் உண்டு. அக்கல்லின்மேற் பவளம் பற்றி வளர்ந்த இடங்களில் கலவாய் குடியிருக்கிறது. மாதகல் முதல் பருத்தித்துறை வரையுள்ள வடகரையும், காரைநகர், புங்குடுதீவு, நெடுந்தீவு ஆகியவற்றை அடுத்த கடலும் இத்தகையன. குடியிருக்கிறது என்பது அலங்காரச் சொல் அன்று. சூடை, சாளை போன்றவை கூட்டமாய் ஓடித் திரிவன. கலவாயோ ஒரு பொந்தைத் தனதாக்கி, அதன் வாயிலிற் காத்திருந்து, அண்மையில் வரும் நண்டையும் சிறுமீனையும் வாயை அகலத் திறந்து விழுங்கும். ஆகவே ஒரு பாறையிலுள்ளவற்றைப் பிடித்து முடித்துவிட்டால், அடுத்த வாரம் வேறு கூட்டம் அங்கு வந்து சேரும் என்று எதிர்பார்த்தல் தவறு.

குஞ்சுப் பருவம் வேறிடத்திற் கழிகிறது. முட்டைகள் நீரில் மிதப்பன. பொரித்த குஞ்சுகள் சில வாரம் நீரோட்டத்துடன் அலைகின்றன. பின்னர் பெருங்கலவாய் இனங்களின் குஞ்சுகள் சாதாழை படர்ந்த ஆழமற்ற தரையையும் கண்டற் பற்றைகளையும் நாடும். அவ்வகையில் யாழ்ப்பாணக் கடனீரேரி ஒரு நாற்றுமேடை எனலாம். சிறுகண் வலையைச் சாதாழையின்மேல் இழுப்பவர், நாற்றுமேடையில் மாட்டை அவிழ்த்து விடுபவருக்கு ஒப்பாவார்.

பெண்ணே ஆணாதல்

சில ஆண்டுகளுக்கு முன், சினைப் பொரியலில் ஆசை கொண்டு, பாசையூரில் ஒரு கை நீளமான கலவாய் ஒன்றை வாங்கினேன். வீட்டில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளை விந்துப்பையே இருந்தது. இன்னொரு நாள் வாங்கிய பெருமீனிலும் அவ்வாறே. விற்ற முதியவரிடம் முறையிட்டேன். “பெரிசெல்லாம் கடுவன்தான், தம்பி” என்றார். பண்ணைப் பாடசாலையில் எனக்கு எவரும் கற்பியாத பாடம் அது.

கலவாய் இனங்களிற் பெரும்பாலானவை பெண்ணாக முதிர்ந்து, சில ஆண்டு முட்டையிட்டு, அதன்பின் ஆணாக மாறுவன. செம்மஞ்சட் புள்ளிக் கலவாயில் ஆராய்ச்சியாளர் கண்ட அளவுகள் வருமாறு: 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளத்தில், அதாவது இரண்டு அல்லது மூன்று வயதில், அது பெண்ணாக முதிர்கிறது, 55 முதல் 75 சென்ரிமீற்றர் நீளத்தில் ஆணாக மாறுகிறது. இருபது ஆண்டுக்கு மேலும் அது வாழக்கூடும். வயதை அறிய, தலையினுள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து அறுத்துப் பார்ப்பர். அறுத்த மரத்திற் போல அதிலும் ஆண்டு வளையங்கள் தெரியும்.

பெரிய மீனுக்கு விலை கூட. ஆதலால் யாவரும் பெரியதையே நாடுவர். பெரியவை ஒழியின் ஒழிவன ஆண்களே. பெண்களுட் பெரியது ஆணாக மாறி அவ்விடத்தை நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் மாற்றத்துக்குக் காலம் வேண்டும். மாறிய மீன் அதன்பின் முட்டையும் இடாது. பிடிக்கும் வேகம் மாறும் வேகத்தை மிஞ்சினால், முட்டை இருந்தும் கருக்கட்டாத நிலை நேரும். மறுபுறம், ஒரு சாண் மீனை எடுப்பவர் ஒரு முறையேனும் முட்டையிடாத மீனை எடுத்தவராவார். அடியையும் நுனியையும் விட்டு நடுவை மட்டும் அறுக்க வேண்டிய பயிர் இது.

கையே அளவுகோல்

வளர்ந்தவர் ஒருவரின் சாண் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர், முழம் 46. ஒரு முழத்துக்குக் குறைந்த கலவாயையும் ஒன்றரை முழத்துக்கு மேற்பட்டதையும் உயிருடன் விடுக, இடைப்பட்டதை எடுக்க. இது சட்டமன்று, மேற்கூறிய அளவுகளைக் கொண்டு நான் கூறும் யோசனையே. எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது. தேனடை போன்ற புள்ளிகளை உடைய சிறுகலவாய் முழு வளர்ச்சியிலும் ஒன்றரைச் சாணைத் தாண்டுவதில்லை. மாறாக, இரண்டு மீற்றருக்கு மேலும் வளரவல்ல மலபார்க் கலவாய் ஒன்றரை முழத்திலும் இளமீனே. இனத்தை அறிந்தவர் அதற்கேற்ப நடக்க.

கையில் வந்த மீனை விடு என்று கரையில் நின்று சொல்வது எளிது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அவ்வாறு செலவிட்டுக் கடலுக்குச் சென்றவனிடம் இவ்வாறு சொல்வதன் பாரத்தை நான் அறிவேன். அதனாலேயே, எடுக்கும் மீனின் விலையை உயர்த்தும் வழியையும் பின்னே கூறுவேன்.

விடும் மீன் பிழைத்தல் வேண்டும். ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய்வழியே தள்ளும். அதனைச் சும்மா எறிந்தால் மேலே மிதந்து மடியும். பாக்கு நீரிணை பெரும்பாலும் ஆழமற்றதாதலால் அங்கு இவ்விடர் குறைவு. பருத்தித்துறைக்கு அப்பால் ஆழத்தில் தொழில் செய்வோர், ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் எதிர்முள் நீக்கிய தூண்டிலைத் தலைகீழாகக் கட்டி, அதனை மீனின் தாடையிற் கொளுவி அடிவரை இறக்கி, கயிற்றைச் சுண்டி விடுவிக்கலாம்.

கருவிகள்

கலவாய்க்குத் தூண்டிலே முதன்மையானது. பாறை சிதையாது, சிறியதைப் பிரித்து விடவும் முடியும். கூடும் நன்றே. ஆனால் கூடு தொலைந்துவிட்டால் அது ஆளில்லாமலே மீனை அடைத்துக் கொன்றுகொண்டிருக்கும். கதவைப் பருத்தி நூலாற் கட்டினால், சில வாரத்தில் நூல் இற்றுக் கதவு தானே திறக்கும். நைலோன் கயிறு இற்றுப்போகாது. இச்சிறு செலவை எவரும் சுமையெனக் கொள்ளார்.

வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தினால் தடுக்கப்பட்டவை. றோலர் எனப்படும் இழுவைப்படகின் மடி 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. மீனை எடுப்பது மட்டுமே மடியின் குற்றமன்று. கனத்த சங்கிலியும் பலகையும் அடித்தரையைக் கீறிச் செல்ல, பவளமும் சாதாழையும் பெயர்ந்துவிடும். பொந்து இல்லாத தரையிற் கலவாய் இல்லை. இந்திய இழுவைப்படகுகள் எல்லை கடந்து வந்து இழுப்பதும், நம்மவர் வலைகளை அறுத்துச் செல்வதும் நம் கடற்றொழிலாளரின் நீண்டகாலத் துயரம். அத்துயரைக் காட்டி நம் துறையில் உள்ளவரும் மடி இழுப்பது நியாயமாகாது. பாறைக்கு எந்த நாட்டுச் சங்கிலி என்பது தெரியாது.

பசுபிக் கரையில் நடந்தது

அமெரிக்காவின் மேற்குக் கரையில் பாறைமீன் என்றே பெயர் பெற்ற மீன்கள் உள. குடும்பத்தாற் கலவாய்க்கு வேறானவை. முட்டையிடாது குஞ்சு ஈனுவன. ஆயினும் பாறையை விட்டகலாமையும் மெதுவான வளர்ச்சியும் ஒத்தவை. அவற்றுள் மஞ்சட்கண் பாறைமீன் நூறு ஆண்டுக்கு மேலும் வாழும். அங்கு பல்லாண்டு இழுவை மடியால் வாரியதன் பயனாக, 2000 ஜனவரியில் அரசாங்கமே அத்தொழில் பேரழிவுற்றதாக அறிவித்தது. 2002இல் பரந்த பாறைப் பகுதிகள் மூடப்பட்டன. 2003இல் 91 இழுவைப்படகுகளை விலை கொடுத்துத் தொழிலிலிருந்து நீக்கினர். அதன்பின் கனறி இனம் 2015இலும், பொக்காச்சியோ 2017இலும், கௌகொட் 2019இலும் மீண்டதாகக் கணிக்கப்பட்டன. மஞ்சட்கண்ணுக்கு மட்டும் அக்காலம் போதவில்லை. நூறாண்டு வாழும் மீன் பதினைந்து ஆண்டிற் பெருகிவிடாது. கலவாயின் வாழ்நாள் அவ்வளவு நீண்டதன்று. ஆதலால் நமக்குக் காத்திருக்கும் காலமும் குறைவு என்று நம்பலாம். ஆனால் படகுகளை விலை கொடுத்து வாங்கும் பணம் நம்மிடம் இல்லை. கெடுமுன் காப்பதே நமக்குக் கட்டுப்படியாகும்.

குறைந்த மீனுக்குக் கூடிய விலை

பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடிய விடுக. குடலை நீக்கி, கடல்நீரிற் கழுவி, மீனின் எடைக்குச் சமமான எடை பனிக்கட்டியை உடைத்து மேலும் கீழும் இடுக. பெட்டியின் அடியில் உருகிய நீர் வெளியேற ஒரு துளை இருத்தல் அவசியம். இவ்வாறு வைத்த கலவாய் ஒரு வாரத்துக்கு மேலும் கெடாது; கொழும்புக்கு அனுப்பினும் இறுக்கம் குறையாது. வெயிலில் வள்ளத்தின் அடியிற் புரண்டு வந்த மீனுக்கு வியாபாரி சொன்னதே விலை.

வாங்கும் இல்லத்தரசியர் கண் தெளிவையும் செவுட் சிவப்பையும் பார்ப்பது வழக்கம். அத்துடன் நீளத்தையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாண் பெருங்கலவாய்க் குஞ்சுக்குச் சந்தையில் ஆள் இல்லையெனில், அதனைக் கரைக்குக் கொண்டுவருவாரும் இல்லை. கூழுக்குத் தலைதான் வேண்டுமெனின், முழ அளவு மீனின் தலையே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கடலிற் கலவாய் எம்மாதத்திற் சினை கொள்கிறது என்பதை மீனை அறுப்பவரே முதலில் அறிவர். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் திகதி, பிடித்த இடம், நீளம், சினையா விந்துப்பையா என்ற நான்கையும் எழுதி வைக்கலாம். வாடைக் காற்றும் சோளகமும் ஒருமுறை வந்து போகும் வரை, அதாவது ஓராண்டு, விடாது எழுதுக. பின்னர் அதனை உங்கள் பகுதிக் கடற்றொழிற் பரிசோதகரிடமோ கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ காட்டுக. சினை மிகுந்த மாதங்கள் எவை என்பது அதிற் தெரியவரின், அம்மாதங்களில் எப்பாறையை விட்டுவிடுவது என்று சங்கத்தார் கூடிப் பேசித் தீர்மானிக்கலாம்.