கடைசி இலக்கம் தீர்ப்புச் சொல்லாது

நம்பிக்கை: 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில் முடிகிற எண் முழு வர்க்க எண்.

உண்மை: பள்ளிப் பிள்ளைகள் பலர் விதியைத் தலைகீழாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடிகிற எண் முழு வர்க்கமாக இருக்காது. விதி சொல்வது அவ்வளவுதான். கொடைக்கானல் நகரின் உயரம் ஏறத்தாழ 2,133 மீட்டர். 3-இல் முடிவதால், முழு வர்க்கம் இல்லை என்று உடனே ஒதுக்கிவிடலாம். அங்குள்ள சூரிய ஆய்வகம் தொடங்கிய ஆண்டு 1899. 9-இல் முடிந்தாலும் அது முழு வர்க்கம் இல்லை. ஏனென்றால் 43-இன் வர்க்கம் 1849, அடுத்து 44-இன் வர்க்கம் 1936.

உறுதியாகச் சொல்பவை பகாக் காரணிகளே. பழனி மலைக்கோயிலின் படிகள் 693 என்பார்கள். அதைப் பிரித்தால் 3×3×7×11. இரண்டு 3 ஜோடி சேர்ந்துவிட்டன. 7-உம் 11-உம் தனியாக நிற்கின்றன. அவற்றுக்கும் ஜோடி கொடுக்க 77-ஆல் பெருக்கினால் 53,361 கிடைக்கும். அது 231-இன் வர்க்கம். இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வாய்பாடு தேவைப்படாது.

நம்பிக்கை: கன எண்ணுக்கும் அதே கடைசி இலக்க விதிதான்.

உண்மை: இல்லை. 8, 27, 343, 512 எல்லாமே முழு கனங்கள். கனம் எந்த இலக்கத்திலும் முடியலாம். காரணிகள் மும்மூன்றாகச் சேர வேண்டும். 2024-இல் அந்தச் சூரிய ஆய்வகம் 125 ஆண்டுகளை நிறைவு செய்தது. 125 என்பது 5×5×5, முழு கனம். இரண்டுமாக இருக்கும் எண்களும் உண்டு: 729 என்பது 27-இன் வர்க்கம், 9-இன் கனம்.

நம்பிக்கை: பக்கத்தை இரட்டித்தால் எல்லாமே இரட்டிக்கும்.

உண்மை: பணத்துக்கும் உயிருக்கும் ஆபத்தான தவறு இதுதான். ஆய்வகத்தின் கோபுரத் தொலைநோக்கியில் உள்ள வில்லையின் விட்டம் 38 செ.மீ. அதில் பாதி, 19 செ.மீ. வில்லை சேர்க்கும் ஒளியைவிட அது நான்கு மடங்கு சேர்க்கும். பரப்பு வர்க்கமாக வளர்கிறது. கொள்ளளவோ கனமாக வளர்கிறது. ஒரு மீட்டர் கனசதுரத் தொட்டி 1,000 லிட்டர் பிடிக்கும்; இரண்டு மீட்டர் தொட்டி 8,000 லிட்டர். அடிப்பரப்பு நான்கு மடங்குதான், தண்ணீரின் எடையோ எட்டு மடங்கு. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரும் இருமடங்கு சுமக்கிறது. மலைச்சரிவில் இரண்டு மீட்டர் தொட்டி கட்டுகிறவர்கள் தொட்டியின் எடையோடு தண்ணீரின் 8 டன்னையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து அடித்தளம் போடுங்கள்.